சடங்கன்பாடியும் தரங்கம்பாடியும்

காரைக்காலினின்றும் வடக்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் கோட்டுச்சேரியைக் கடந்தால் வரிச்சிக்குடி என்னும் சிற்றூர் எதிர்ப்படும். இருமருங்கும் வயல்களும், வயல்களுக்கு அப்பால் தென்னந்தோப்புகளும், கிழக்கே சிறு தொலைவில் கடலும் உடைய ஊர் இது. எம்மிடம் முதுகலை பயிலும் மாணவர் நால்வருடன் ஒருநாட் காலை இவ்வூரில் இறங்கித் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தோம். வடக்கே கடற்கரையில் பாழ்பட்டு நிற்கும் பழைய கோயிலுக்கு எவ்வழியாகச் செல்லவேண்டும் என ஆங்கிருந்த முதியவர் ஒருவரை வினவினோம். அவர் எம்மை ஏற இறங்க நோக்கி, “எந்தக் கோயில் ஐயா? சிவன் கோயிலா, வேதக்கோயிலா?” என்றார்.

வினாவில் பொருள் இருந்தது. கோயில் என்னும் சொல் தமிழில் முதற்கண் அரசன் இல்லத்தையும், பின்னர் இறைவன் இல்லத்தையும், ஐரோப்பியர் வந்தபின் கிறித்தவர் தொழுமிடத்தையும் ஒருங்கே குறிப்பதாயிற்று. எம் மாணவருள் ஒருவர் வேதக்கோயில் என்றே எண்ணி வந்திருந்தார். மேனாடுகளில் இடைக்காலத்தே எழுந்து பாழ்பட்ட கிறித்தவக் கோயில்களைப் பற்றிய நூலொன்றை அவர் அண்மையிற் பயின்றிருந்தமையே அதற்குக் காரணம். இங்கிலாந்து நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள டன்விச்சு என்னும் பழந்துறைமுகத்தின் கோயிலொன்று 1904ஆம் ஆண்டு முதலாகச் சிறிது சிறிதாகச் சரிந்து 1919க்குள் கடலுட் சென்றது. டென்மார்க்கு நாட்டில் ஹோயெருப் என்னுமிடத்துச் சுண்ணப்பாறைக் குன்றின்மேல் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயிலின் திருமுன்றிற் பகுதி 1928ஆம் ஆண்டில் இடிந்து கடலில் வீழ்ந்தது. ஒவ்வொரு கிறித்துப் பிறப்பு நாளிரவிலும் அக்கோயில் ஒரு சேவலடி தொலைவு நிலத்தின் உட்புறமாக நகர்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது அந்நாட்டு மக்கள் வழங்கும் கதை. “இத்தகைய கோயில் நம் கரையில் உண்டா?” என்பதே மாணவர் எழுப்பிய ஐயம். உண்டு, ஆனால் அது சிவன் கோயில். அக்கோயில் நிற்கும் ஊரோ, டென்மார்க்கு நாட்டார் இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் ஆண்ட ஊர். அவ்வூரே தரங்கம்பாடி. அதனைக் காணச் சென்ற அப்பயணத்திற் கண்டவற்றையும், அவ்வூர்ப் பெயர்பற்றி எமக்குத் தோன்றியவற்றையும் ஈண்டு எடுத்துரைப்போம்.

வரிச்சிக்குடியை அடுத்துப் பூவம் என்னும் ஊரும், அதனை அடுத்து நண்டலாறும் உள்ளன. ஆற்றைக் கடந்தால் புதுவை ஆட்சிக்குட்பட்ட நிலம் நீங்கித் தமிழ்நாட்டு நிலம் தொடங்கும். இன்று இது ஒரு பாலத்தைக் கடக்கும் செயலே. ஆயின் 1739ஆம் ஆண்டு காரைக்கால் பிரெஞ்சியர் கைக்கு வந்ததுமுதல், 1845ஆம் ஆண்டு டேனியர் தரங்கம்பாடியை விற்று நீங்கியதுவரை, இச்சிறு தொலைவுக்குள் ஐரோப்பிய நாடுகள் இரண்டின் கொடிகள் பறந்தன. தெற்கே நாகப்பட்டினத்தில் உலாந்தர் இருந்தனர். இவற்றிற்கிடைப்பட்ட ஊர்கள் பலவும் தஞ்சை மன்னர்க்குரியனவாய் இருந்தன. வரிச்சிக்குடியினின்று புறப்பட்ட உழவன் ஒருவன் ஒரே பகலில் அரசுகள் சிலவற்றின் எல்லைகளைக் கடந்து மீளுதல் அந்நாளில் இயல்வதாயிருந்தது.

ஆற்றுக்கு அப்பால் தரங்கம்பாடியை ஒட்டி உள்ளது பொறையாறு. நற்றிணையில் உலோச்சனார் பாடிய நெய்தற் பாடலொன்றில் பெரியன் என்பானுக்குரிய பொறையாறு குறிக்கப்பெறுகின்றது. அஃது இவ்வூரே எனக் கொள்வோர் உளர்; நெய்தல் நிலத்தைப் பாடுதலையே பெரிதும் விரும்பிய புலவர் கடலை அடுத்த இவ்வூரைக் கூறினார் எனக் கொள்வதில் இடர்ப்பாடு ஒன்றுமில்லை. சீகன்பால்கு முதலிய இலுத்தரன் குருமார் தம் அச்சகத்துக்கு வேண்டிய தாளைச் செய்துகொள்ளத் தாளாலை அமைத்ததும் இப்பொறையாற்றிலேதான். சங்கப்பாடலில் இடம்பெற்ற ஊரொன்று தமிழ் அச்சு வரலாற்றிலும் இடம்பெறுதல் எம்மனோர்க்கு உவகை தருவதொன்று.

தரங்கம்பாடிக்குள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது 1792ஆம் ஆண்டு கட்டப்பெற்ற வெண்ணிற வாயில். அதன் முகப்பில் டேனிய அரசின் இலச்சினை உள்ளது. வாயிலினின்றும் கடலை நோக்கிச் செல்லும் அரசர் தெருவில் இரு வேதக்கோயில்கள் உள்ளன. ஒன்று 1701ஆம் ஆண்டு டேனியர் தமக்கென எழுப்பிய சீயோன் கோயில். மற்றொன்று 1718ஆம் ஆண்டு எழுந்த புதிய எருசலேம் கோயில். பின்னதன் முகப்பில் டேனிய மன்னர் நான்காம் பிரடெரிக்கின் முடியுடன் கூடிய பெயரெழுத்தும் ஆண்டும் பொறிக்கப்பெற்றுள. அதனுள்ளே சீகன்பால்கு அடக்கம் செய்யப்பெற்றுள்ளார். 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் புளுச்சோ என்பாருடன் இக்கரையில் இறங்கிய அவர், 1719ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் 36ஆம் அகவையில் மறைந்தார். இடைப்பட்ட ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளில், மணலில் எழுத்தெழுதிப் பழகும் சிறுவரோடு அமர்ந்து தமிழ் கற்றார். தாம் தொகுத்த தமிழ் ஏட்டுச்சுவடிகளுக்கு 1708ஆம் ஆண்டில் விளக்க அட்டவணை ஒன்று வரைந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715ஆம் ஆண்டளவில் அச்சிட்டு முடித்தார். தமிழிலக்கண நூலொன்றை இலத்தீனில் எழுதி 1716ஆம் ஆண்டு செருமானிய நாட்டு ஆலே நகரில் வெளிவரச் செய்தார். தமிழர்தம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713ஆம் ஆண்டு எழுதி முடித்த நூல், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் 1867ஆம் ஆண்டில்தான் சென்னையில் அச்சேறியது.

சீகன்பால்கு முதன்முதலில் எழுப்பிய கோயில் இஃதன்று. 1707ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் கடலை அடுத்துச் சிறியதொரு கோயிலை அவர் கட்டினார். அஃது இன்று இல்லை. மாணவர் தேடிவந்த ‘பாழ்பட்ட வேதக்கோயில்’ ஒன்று இவ்வூரில் உண்டெனின், கண்ணுக்குத் தோன்றாத அதுவே எனக் கூறினோம். அவர் நிறைவு கொண்டாரில்லை.

தெருவின் முடிவில், கடலை நோக்கி நிற்பது டான்சுபோர்க்குக் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியானுக்கும் 1620ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, ஓவே கெட்டே என்னும் கப்பற்றலைவர் இதனைக் கட்டத் தொடங்கினார். நாயக்கர் விடுத்த பொன்னேடு இன்றும் கோபனேகன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளது. கீழ்த்தளத்தில் பண்டசாலையும் சிறையும், மேல்தளத்தில் ஆளுநர் உறையுளும் என அமைந்த இக்கோட்டையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் காட்சிக்கூடம் அமைக்கப்பெற்றது. டேனியர் 1845ஆம் ஆண்டில் இவ்வூரை, வங்கத்திலிருந்த சிராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை இலக்கம் உரூபாவுக்கு ஆங்கிலக் கும்பினியாருக்கு விற்றனர். இவை பலரும் எழுதியவை. ஆதலின் இவ்வளவில் அமைவோம்.

கோட்டைக்கு வடபால், அலைகள் மோதும் இடத்தில் மாசிலாமணிநாதர் கோயில் உள்ளது. பாண்டியன் முதலாம் மாறவர்மன் குலசேகரன் அளித்த நிலத்தில் 1306ஆம் ஆண்டளவில் எழுந்தது இது. டேனியர் வருகைக்கு முந்நூற்றுப் பதினான்கு ஆண்டுகள் முற்பட்டது. ஊரிலுள்ள கட்டடங்கள் எல்லாவற்றினும் மூத்தது. குலசேகரன் காலம் பாண்டியர் கடல் வாணிகம் சிறந்திருந்த காலம். மார்க்கோ போலோ காயலின் வளத்தைக் கண்டு வியந்ததும் இவன் காலத்திலேதான். அந்நாளில் கரையோரத்தே இத்தகைய கற்றளி எழுந்ததெனின், ஆங்கொரு செழித்த குடியிருப்பு இருந்தது என்பது தானே போதரும்.

கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அதிட்டானத்தின் கற்களும் தூண்துண்டங்களும் மணலிலும் நீரிலும் சிதறிக் கிடந்தன. கடல் நீர் உள்வாங்கும்பொழுது பட்டைதீட்டிய கல்லொன்று வெளிப்படும். அடுத்த அலையில் மறையும். பின்புறத்தே புதிதாக எழுந்த கட்டடத்தில் வழிபாடு நடைபெறுகின்றது. கரையைக் காக்கக் கருங்கற்களைக் குவித்துள்ளனர். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இவ்வூர் மக்கள் பலர் மாண்டனர். அதன் பின்னர் ஊரின் பழங்கட்டடங்களைப் பேணும் பணி விரைவுற்றது. டென்மார்க்கு நாட்டார் சிலரும் பொருளுதவினர். அப்பணி பெரிதும் டேனியர் காலத்து வாயிலையும் இல்லங்களையும் கோட்டையையும் நோக்கியதாயிற்று. அதனைக் குறைகூற யாம் விரும்பவில்லை. தம் முன்னோர் கட்டியதைப் பேண அவர்தம் வழித்தோன்றல்கள் முன்வருதல் பாராட்டத்தக்கதே. பாண்டியன் கற்றளியைப் பேணவேண்டியவர் யார் என்பதே எம் வினா. ஊரைக் காண வருவோர்க்கு வரலாறு கூறுவார் 1620 என்றே தொடங்குகின்றனர்.

கல் ஒன்று கடலுட் போயின் என்ன குறை? பிறிதொரு கல்லால் பிறிதொரு கோயில் எழுமன்றோ? இவ்வாறு வினவினார் மற்றொரு மாணவர். அதற்கு விடை இவ்வூரின் பெயரிலேயே உள்ளது.

தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் வடசொல். ஆதலின் தரங்கம்பாடி என்பதற்கு ‘அலைகள் பாடும் ஊர்’ எனப் பொருள் கூறுதல் இந்நாளில் பெருவழக்கு. சுற்றுலா ஏடுகளிலும் பாடநூல்களிலும் இதுவே காணப்படுகின்றது. கேட்போர்க்கு இன்பம் தரும் விளக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயின் தமிழிலக்கணம் இதற்கு இடம் தருமா எனக் காணல்வேண்டும்.

இகர விகுதி வினைமுதற்பொருள்பட வரும் தொகைச்சொற்களை நோக்குக. மரங்கொத்தி என்பது மரத்தைக் கொத்துவது. கூத்தாடி கூத்தை ஆடுபவன். இவை இரண்டாம் வேற்றுமைப் பொருளன. காற்றாடி காற்றால் ஆடுவது. இது மூன்றாம் வேற்றுமைப் பொருட்டு. வானம்பாடி வானின்கண் பாடுவது. இஃது ஏழாம் வேற்றுமைப் பொருட்டு. இவற்றுள் எதன்கண்ணும் முன்மொழி வினைமுதலாய் நிற்கவில்லை. மரங்கொத்தி என்பதற்கு ‘மரம் கொத்தும் இடம்’ என்று யாரும் பொருள் கொள்ளார். அங்ஙனமே தரங்கம்பாடி என்பது இவ்வகைத் தொகையாயின், அலையைப் பாடுவது அல்லது அலையின்கண் பாடுவது எனப் பொருள்படுமேயன்றி, அலை பாடும் ஊர் எனப் பொருள்படாது. வானம்பாடி என்னும் இனிய சொல்லின் ஓசையே இவ்விளக்கத்துக்கு வழிவகுத்தது போலும்.

இனி, பாடி என்பது ஊர்ப்பெயரின் ஈற்றில் வருங்கால் பாடுதற்றொழிலைக் குறிப்பதன்று. முல்லை நிலத்து ஊரைப் பாடி என இலக்கண நூலார் கூறுவர். ஆயர்பாடி எனச் சிலப்பதிகாரத்தில் வருவது யாவரும் அறிந்ததே. படை தங்கிய இடமும் பாடிவீடு எனப்பெற்றது. கங்கபாடி, நுளம்பபாடி எனப் பெருநிலப்பகுதிகளும் இச்சொல்லால் வழங்கின. தேவாரத் தலங்களுள் மழபாடி, ஆப்பாடி, எதிர்கொள்பாடி என்பன உள்ளன. நெய்தல் நிலத்து ஊர்க்குரியன பாக்கமும் பட்டினமும் அல்லவோ எனின், நிலப்பாகுபாட்டை ஒட்டிய சொல்வரையறை இடைக்காலத்தே நெகிழ்ந்து, பாடி என்பது குடியிருப்பு என்னும் பொதுப்பொருளில் எங்கும் வழங்கலாயிற்று என்பது விடையாகும்.

பாடி என்பதைப் பாடுதலாகக் கொண்டு கதை புனைதல் இவ்வூர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. வாணியம்பாடி என்பதை வாணி பாடிய ஊர் என்பர். ஊமையான கலைமகள் அங்கே குரல்பெற்றுப் பாடினாள் எனக் கதையும் உண்டு. வாணியர் பாடி என்பதே நேரிய பொருள் எனத் தோன்றுகின்றது. மழவர் பாடியாகிய மழபாடியை மழு ஆடிய இடம் எனக் கூறுவாரும் உளர். இக்கதைகளை இகழ்தல் எம் கருத்தன்று. ஒரு சொல்லின் பழம்பொருள் மறைந்த விடத்து மக்கள் உள்ளம் புதுப்பொருள் ஒன்றைப் படைத்துக்கொள்ளும் திறத்துக்கு அவை சான்றாவன. எனினும், வரலாற்றை அவற்றின்மேல் கட்டுதல் ஆகாது.

இவை இலக்கணத்தாற் பெறப்படும் ஐயங்களே. முடிபு தருவது கல்வெட்டு. குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இவ்வூரைச் ‘சடங்கன்பாடி’ எனக் குறிக்கின்றது. இவ்வூரின் பெயர் முதன்முதலாகக் காணப்படுவது இதன்கண்ணேதான். சடங்கன் என்பது ஆட்பெயராதல் கூடும். வேதத்தின் ஆறு அங்கங்களைக் குறிக்கும் சடங்கம் என்னும் வடசொல்லடியாகச் சடங்கவி என்னும் பெயர் தமிழில் வழங்கியுள்ளது. சுந்தரர் வரலாற்றில் வரும் புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரை நினைவு கூர்க. சடங்கன் என்பதும் அவ்வழிப் பிறந்ததாகலாம் என்பது எம் கருத்து. அங்ஙனமாயின், சடங்கன்பாடி என்பது சடங்கன் என்பானது பெயரால் அமைந்த குடியிருப்பு எனப் பொருள்படும். அலைக்கும் பாட்டுக்கும் அதன்கண் இடமில்லை.

மறைக்காடு வேதாரணியம் ஆனதும், மயிலாடுதுறை மாயூரம் ஆகிப் பின்னர் 1982ஆம் ஆண்டில் மீண்டும் மயிலாடுதுறை ஆனதும் போன்றதே இது எனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. ஆங்கெல்லாம் தமிழ்ப்பெயரின் பொருளை உணர்ந்தோ திரித்துணர்ந்தோ வடமொழியில் பெயர்த்தனர். ஈண்டு முதற்பெயரின் முற்பகுதியே வடசொல்லடியாகப் பிறந்ததாகத் தோன்றுகின்றது; ஒரு வடசொல்லின் இடத்தை ஓசையால் ஒத்த மற்றொரு வடசொல் பற்றிக்கொண்டது. மொழிப்பற்றுக் காரணமாக வெகுளுதற்கு ஈண்டு இடம் குறைவு!

இம்மாற்றம் எப்பொழுது நிகழ்ந்தது? டேனியர் இவ்வூரை ‘திராங்கேபார்’ என வழங்கினர். பிற ஐரோப்பியர் வழங்கியதும் இதனை ஒத்ததே. இவ்வடிவத்தின் முதலில் தகரமும், அதனை அடுத்து ரகரமும், ஙகர மெய்யின் ஒலியும் உள்ளன. சகரமும் டகரமும் இல்லை. வந்தேறிய மாலுமிகள் தம் செவியிற் பட்டதையே எழுதினராதலின், அவர்கள் வந்தபொழுது ஊர்மக்கள் நாவில் ‘தரங்கம்பாடி’யோ அதற்கு நெருங்கிய வடிவமோ வழங்கியிருத்தல் வேண்டும். ஆகவே 1306க்கும் 1620க்கும் இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளுள் சடங்கன் மறைந்து தரங்கம் தோன்றியது எனலாம். டகரம் ரகரமாதலை ஒலிநெருக்கத்தால் ஒருவாறு விளக்கலாம். சகரம் தகரமாதலை அங்ஙனம் எளிதில் விளக்கவியலாது. சடங்கன் யார் என்பது மறந்துபோன பின்னர், பொருள் விளங்காத அப்பெயரை, கண்முன்னே புரளும் அலையின் பெயராக மக்களோ கற்றோரோ மாற்றிக்கொண்டனர் எனக் கொள்ளுதலே ஏற்புடைத்து. கடல் கரையை அரித்து முன்னேறுங்கால் அப்பெயர் மேலும் பொருத்தமுடையதாகத் தோன்றியிருக்கும்.

அம்மாணவர்க்கு யாம் கூறிய விடை இதுவே. கல்வெட்டு இல்லையெனின், அலைகள் பாடும் ஊர் என்னும் விளக்கத்தை மறுத்துரைக்க எம்மிடம் இலக்கண ஐயங்களன்றிப் பிறிதொன்றும் இராது. சடங்கன் என்றொரு பெயர் உண்டென்பதே ஒருவர்க்கும் தெரியாது. புகாரைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறுகின்றது. ஆங்குக் கடல்கோளுக்குப் பின் நமக்கு எஞ்சியது காப்பியம். சடங்கன்பாடிக்குக் காப்பியம் இல்லை, கல்லே உண்டு. எழுத்துப் பொறித்த கல்லும் பொறிக்காத கல்லும் மணலிற் புதைந்துள்ளவிடத்து ஒரே தோற்றத்தன. புரட்டிப் பார்த்தாலன்றி இன்னது இன்னதென அறியவியலாது. ஹோயெருப்பில் எஞ்சிய பகுதியை அரண்செய்து இன்றளவும் காத்துநிற்கின்றனர் டேனியர். அவர்தம் கோட்டையினின்று கூப்பிடு தொலைவில் உள்ள இக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, எழுத்துளதா என நோக்கி, அளந்து குறித்து வைத்தல் பெரும்பொருள் வேண்டும் பணியன்று. நீர் வற்றும் வேளை நோக்கிச் சில திங்கள் உழைப்பாரே வேண்டும்.

நண்பகலுக்குப் பின் மாணவர் நால்வரும் கரையில் இறங்கி, அலை எட்டாத இடத்திற் கிடந்த கற்களை எண்ணத் தலைப்பட்டனர். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், தம் இளமையில் இக்கோயில் மண்டபத்து நிழலில் அமர்ந்து வலை செப்பனிட்டதுண்டு எனக் கூறி, அம்மண்டபம் நின்ற இடத்தைக் கைநீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் கடல் இருந்தது. மாணவர் அவ்விடத்தைக் கோட்டை மதிலினின்று அளந்து குறிப்பேட்டில் வரைந்துகொண்டனர். பொழுது சாயும் வேளையில் மீண்டும் நண்டலாற்றைக் கடந்து வரிச்சிக்குடியை அடைந்தோம். காலையில் வழிகூறிய முதியவர் கடையிலேயே இருந்தார். எக்கோயிலைக் கண்டோம் என வினவினார். இரண்டையும் கண்டோம் என்றோம்.